தொரப்பள்ளிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் முன்

கேள்வி: ராஜாஜி பிறந்த வீடு சேலம் மாவட்டத்தில் இருப்பதாகப் பழைய நூல் ஒன்றில் படித்தேன். எட்டாம் வகுப்பு மாணவர்களை அங்கும், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்கும் ஒரே நாளில் அழைத்துச் சென்று வர இயலுமா? – ஆசிரியை, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: நூலில் பிழை இல்லை. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தபோது, ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்தோடு போய், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் ஏறத்தாழ 160 கி.மீ. என்பதால், போய்வருவதற்கே ஒரு பகற்பொழுது பெரும்பாலும் செலவாகிவிடும். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி தொடங்கிய அந்த ஆசிரமமோ தெற்கே, நேர் எதிர்த்திசையில் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பிறந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. அது மாளிகை அன்று, எளிய கிராமத்து வீடு. சுவர்களில் புகைப்படங்கள் உண்டு. முன்தயாரிப்பு இல்லாமல் போனால் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனவே முந்தைய வாரமே வகுப்பில் சேலத்திலிருந்து தொடங்குங்கள். தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் இங்கு வந்து வழக்கறிஞராகப் பெயர் பெற்றதையும், 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சருக்கு இணையான பதவி) அவர் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். அதனால் குறைந்த அரசு வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றும் கடை ரசீதில் வரியைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பு எளிதில் பிடிபடும்.

அவரது ஆட்சியில் கட்டாய இந்தியை எதிர்த்து எழுந்த போராட்டத்தையும், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்துக்கு ‘குலக்கல்வி’ என்று எழுந்த எதிர்ப்பையும், அதைத் தொடர்ந்து 1954இல் அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நினைவு இல்லம் ஒருவரைப் போற்றும் இடம். அவரை எடைபோடக் கற்றுத்தருவது வகுப்பறையின் பொறுப்பு.

தலைமையாசிரியரின் கடிதத்துடன் முன்கூட்டியே தொடர்புகொண்டு, விடுமுறை நாளையும் பார்வை நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அறைகள் சிறியவை, பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக உள்ளே அனுப்புங்கள். மதிய உணவைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது. காலை ஆறு மணிக்குள் சேலத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.