லடோகா பனியில் லாரி, நேவா பனியில் டாங்கி

வணக்கம் ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரான லெனின்கிராடைச் சூழ்ந்த முற்றுகை பற்றிய உங்கள் கட்டுரையில், உறைந்த லடோகா ஏரியின் மேல் நகருக்கு உணவு ஏற்றிய லாரிகள் ஓடின என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பனி எவ்வளவு கெட்டியானால் லாரி போகும்? லாரி போகிற பனியில் டாங்கியும் போகாதா? முற்றுகையை உடைக்க 1943 வரை ஏன் ஆயிற்று?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

அந்த வரி போதாதுதான். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பாரமில்லாத குதிரைக்கு 10 செ.மீ. பனி வேண்டும். ஒரு டன் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்கும் குதிரைக்கு 15, ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. 1941 நவம்பர் 20 அன்று குதிரைகள் ஏரியில் இறங்கின, 22 அன்று லாரிகள். பனி முற்றட்டும் என்று காத்திருக்க வழியில்லை. அதே 20ஆம் தேதிதான் ஒரு நாளுக்குத் தொழிலாளிக்கு 250 கிராம், மற்றவர்களுக்கு 125 கிராம் என்று ரொட்டிப் பங்கீடு இறங்கியிருந்தது. அதனால் ஒன்றரை டன் சுமக்கும் காஸ்-ஏஏ லாரியில் இரண்டு மூன்று மூட்டை மாவுதான் ஏற்றினார்கள். சிலவற்றின் பின்னால் சறுக்குவண்டி கட்டி பாரத்தைப் பிரித்தார்கள். அப்படியும் பல லாரிகள் மூழ்கின.

பனியின் தடிமன் மட்டுமே பிரச்சினை என்றால் இவ்வளவு இழப்பு வந்திருக்காது. பனித்தட்டு தண்ணீரில் மிதக்கிறது. நார்க்கட்டிலில் உட்கார்ந்தால் குழிவதுபோல லாரியின் அடியில் அது குழியும். லாரி நகர்ந்தால் குழியும் கூடவே நகரும், அடியிலுள்ள தண்ணீரில் அலை எழும். அந்த அலையின் வேகமும் லாரியின் வேகமும் ஒன்றானால் குழிவு பெருகிக்கொண்டே போய்ப் பனி பிளக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ. கரையோரம் ஆழம் குறைவு, அங்கே ஆபத்து இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். கரை தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் தோன்றும் இடமும் அதுதான்! லெனின்கிராட் இயற்பியல்-தொழில்நுட்பக் கழகத்தின் நவும் ரெய்னோவ், பனியின் குழிவைத் தானே பதியும் கருவியைச் செய்து ஏரியில் வைத்தார். எந்த வேகம் கூடாது, லாரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற விதிகள் இந்த அளவீடுகளிலிருந்து வந்தவை. போரில் அறிவியல் செய்த உருப்படியான வேலைகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

லாரியை நிறுத்தி வைத்தாலும் கேடுதான். அசையாத பாரத்தின் கீழ் பனி மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போகும். காற்றடித்து ஏரியின் நீர்மட்டம் மாறினாலும் வெடிப்பு விழும். அதன்மேல் மரப்பாலம் போட்டார்கள், தடம் நைந்தால் பக்கத்தில் புதுத்தடம் எடுத்தார்கள். உள்ளே விழுந்தால் குதித்துத் தப்பலாம் என்று ஓட்டுநர்கள் அந்தக் கடுங்குளிரிலும் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். 1942 ஏப்ரல் 24 வரை ஓடிய அந்தப் பாதையில் சுமார் 3,61,000 டன் சரக்கு வந்தது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்.

டாங்கி வேறு கணக்கு. பனியின் தடிமன் இரட்டித்தால் தாங்கும் எடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். சோவியத் டாங்கிகளில் இலகுவான டி-60 சுமார் 6 டன், நடுத்தர டி-34 ஏறக்குறைய 30, கனத்த கேவி 45ஐ ஒட்டி. முற்றுகையை உடைக்க 1942 டிசம்பர் கடைசியில் தொடங்கவிருந்த சோவியத் தாக்குதல், நடுவிலிருந்த நேவா ஆறு போதிய அளவு உறையாததால் ஜனவரி 12க்குத் தள்ளிப்போனது. அன்று 2 மணி 20 நிமிடம் பீரங்கி முழங்கியது. எதிர்க்கரையை ஒட்டிய பனி உடைந்தால் தங்கள் காலாட்படையே கரையேற முடியாது என்பதால் ஆற்றின்மேல் குண்டு விழாதபடி குறிவைத்தார்கள். சுமார் 600 மீட்டர் திறந்த பனியில் ஓடி, செங்குத்தான பனிக்கரையில் ஏணியும் கொக்கியும் வைத்து ஏறினார்கள். கூடப் போனவை இலகு டாங்கிகளே. கனத்தவற்றுக்குப் பனிமேல் மரக்கட்டைகளை அடுக்கி வலுவூட்டிய பாதை தேவைப்பட்டது. எதிர்க்கரையில் மாரினோ என்ற ஊர்ப் பக்கம் பிடி கிடைத்தது. ஷ்லிசெல்பர்க் நகருக்கு எதிரே ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் அடங்கவில்லை, அங்கே முதல் கடப்பு தோற்றது.

காலதாமதத்துக்குப் பனி ஒரு காரணம்தான். பெரிய காரணம் ஏரிக்குத் தெற்கே இருந்த சின்யாவினோ மேடு. சுற்றிலும் சதுப்பு, மேட்டில் ஜெர்மன் பீரங்கி. 1942 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த தாக்குதல் அங்கேதான் சிக்கிச் சிதைந்தது. 1943 ஜனவரி 18இல் நகருக்குள்ளிருந்து வந்த படையும் வெளியிலிருந்து வந்த சோவியத் படையும் கைகோத்தபோதும் மேடு ஜெர்மானியர் கையிலேயே இருந்தது. கிடைத்தது ஏரியோரம் 8 முதல் 11 கி.மீ. அகல நிலம். அதில் அவசரமாகப் போட்ட ரயில்பாதையில் பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் நகருக்குள் வந்தது. பாதை பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்ததால் இரவில், விளக்கணைத்துத்தான் ரயில்கள் ஓடின. முற்றுகை முழுதாக விலகியது 1944 ஜனவரி 27 அன்று.