சந்தா முறை இணையப் போக்கர் சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நல்லதா?

மாதக் கட்டணம் கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆடுவதுதான் சந்தா முறை. அமெரிக்காவில் கிளப்டபிள்யூபிடி தளம் இப்படி நடக்கிறது. வழக்கமான தளங்களில் கைக்காசை வைத்து ஆடுவோம். குவியும் பந்தயப் பணத்தில் தளம் ஒரு பங்கை உருவிக்கொள்ளும், அதுதான் 'ரேக்'. சந்தாவில் அந்தப் பிடுங்கல் இல்லை. எத்தனை ஆட்டம் தோற்றாலும் போவது மாதக் காசு மட்டுமே.

கோலாலம்பூரில் 50 வெள்ளிக்கு வாங்கும் மை50 மாதப் பயணப் பாஸ் மாதிரிதான். தினமும் எல்ஆர்டி ரயில் ஏறுபவருக்கு லாபம். எப்போதாவது பிரிக்பீல்ட்ஸ் போய் வருபவருக்குத் தண்டம். சரி, அடிக்கடி ஆடுகிறீர்கள் என்றால் சந்தா பரவாயில்லை. தளம் தரும் பரிசை நம்பி மட்டும் சேராதீர்கள், போட்டியாளர் கூட்டம் அப்படி!

சந்தா கட்டினால் சூதாட்டம் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மலேசியாவில் அதை நம்பி இறங்காதீர்கள்: உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் மட்டுமே. இணையப் போக்கருக்கு உரிமம் கிடையாது.