ஃபூ சோங் வாசித்த மசூர்க்காக்கள்

கேள்வி: சீனப் பியானோ கலைஞர்கள் ஐரோப்பிய இசையை வேகமாகவும் துல்லியமாகவும் வாசிக்கிறார்கள். ஆனால் அந்த இசையின் உயிரை அவர்களால் தொட முடிகிறதா? உங்களுக்குப் பிடித்த ஒருவரைச் சொல்லி விளக்க முடியுமா?

பதில்:

முடிகிறது. எனக்கு அதில் சந்தேகம் இல்லாமல் போனது ஃபூ சோங்கால். லாங் லாங், யூஜா வாங் பெயர்கள் தெரிந்த பலருக்கு இவரைத் தெரியாது. 1934இல் ஷாங்காயில் பிறந்தவர். 2020 டிசம்பர் 28 அன்று லண்டனில் கொரோனா தொற்றால் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

அவரை நான் கண்டடைந்த கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நான் முப்பத்தாறு வயதில் பியானோ கற்கத் தொடங்கியவன். ஐந்தாவது வருஷம் என் ஆசிரியை, போலந்து இசையமைப்பாளர் ஷோப்பினின் ஏ மைனர் மசூர்க்கா ஒன்றை, ஓபஸ் (படைப்பு எண்) 17இல் நாலாவதை, எடுத்துக் கொடுத்தார். மூன்று தட்டுத் தாளம். இடக்கையில் கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்; வலக்கையில் மெட்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் விழும் அளவுக்கு வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிச்சீங்க. ஆனா இது வால்ட்ஸ். மசூர்க்கா இல்ல" என்றார். வால்ட்ஸும் மூன்று தட்டு ஆட்டம்தான். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஃபோனில் ஒரு பதிவைப் போட்டார். அதே மெட்டுதான், அதே கார்டுகள்தான். ஆனால் இரண்டாவது தட்டு வரவேண்டிய இடத்தில் ஒரு கணம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது, பிறகுதான் இறங்கியது. வாசிப்பவர் போலந்துக்காரர் என்றே நினைத்தேன். பெயரைக் கேட்டதும் வந்த வியப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மசூர்க்கா என்பது வார்சாவைச் சுற்றியுள்ள மசோவியா வட்டாரத்தின் நாட்டுப்புற ஆட்டங்களிலிருந்து வந்தது. மசூர், மெதுவாக அசையும் குயாவியாக், சுழன்று ஓடும் ஒபெரெக் என்று மூன்று ஆட்டங்களின் குணமும் அதில் கலந்திருக்கிறது. ஷோப்பின் 1810இல் பிறந்த ஊரும் அந்த வட்டாரத்தில்தான். வால்ட்ஸில் அழுத்தம் முதல் தட்டில் விழும். மசூர்க்காவில் அது இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ போய்விடும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். அழுத்தம் விழும் தட்டு கொஞ்சம் நீளும், பக்கத்துத் தட்டு அந்த அளவுக்குச் சுருங்கும். எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும் என்பதை எழுத வழியில்லை. தாளில் உள்ளதை மட்டும் வாசித்தால், கமகத்தை எடுத்துவிட்டுத் தோடியின் சுரங்களை வரிசையாகப் பாடினால் என்ன கிடைக்குமோ, அதுதான் கிடைக்கும். நான் வாசித்ததும் அப்படித்தான் இருந்தது.

ஷோப்பின் காலத்திலேயே இது ஐரோப்பியர்களைக் குழப்பியிருக்கிறது. அவரிடம் பாடம் கற்ற லென்ஸ் என்பவர் எழுதி வைத்திருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. ஓபஸ் 33இல் சி மேஜர் மசூர்க்காவை லென்ஸ் ஷோப்பினிடம் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஓபரா உலகின் பெரும்புள்ளியான மையர்பேர் உள்ளே வந்தாராம். கேட்டுவிட்டு, "இது இரண்டு தட்டுத் தாளம்" என்றிருக்கிறார். ஷோப்பின் மூன்றுதான் என்று பென்சிலால் பியானோ மேல் தட்டிக் காட்டினார். மையர்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஷோப்பின் தானே உட்கார்ந்து, காலால் தாளம் போட்டு, உரக்க எண்ணிக்கொண்டே வாசித்திருக்கிறார். அப்போதும் மையர்பேர் தன் பேச்சிலேயே நிற்க, இருவரும் மனஸ்தாபத்தோடு பிரிந்தார்களாம். பியானோ கலைஞர் ஹாலே வேறொரு சமயம், ஷோப்பின் வாசிப்பது நாலு தட்டாகக் கேட்கிறது என்று அவரிடமே எண்ணிக் காட்டியபோது, ஷோப்பின் சிரித்துவிட்டு அது அந்த ஆட்டத்தின் தேசிய குணம் என்றிருக்கிறார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. "ஐரோப்பிய இசை ஐரோப்பியருக்குத் தானாகவே வரும்" என்ற நினைப்பு உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. பெர்லினில் வளர்ந்த மையர்பேருக்கு மசூர்க்கா அந்நியமாகத்தான் இருந்தது. ஐரோப்பிய இசை என்பது ஒரே வீடு அல்ல. அதில் பூட்டிய அறைகள் நிறைய உண்டு, எல்லாருமே தட்டித்தான் உள்ளே போகவேண்டும்.

1955இல் வார்சாவில் ஐந்தாவது ஷோப்பின் போட்டி நடந்தது. ஆடம் ஹராசியேவிச் முதலாவது, விளாடிமிர் அஷ்கெனாசி இரண்டாவது, ஃபூ சோங் மூன்றாவது. அஷ்கெனாசிக்கு முதல் பரிசு தரவில்லை என்று நடுவர்களில் ஒருவரான மைக்கலாஞ்செலி முடிவில் கையெழுத்துப் போட மறுத்தார். அவ்வளவு கடுமையான போட்டி அது. அங்கே மசூர்க்காவைச் சிறப்பாக வாசிப்பவருக்குப் போலந்து வானொலி தரும் தனிப் பரிசு ஒன்று உண்டு. அந்த ஆண்டு அதைப் பெற்றவர் 21 வயதே ஆன ஃபூ சோங். ஹராசியேவிச் போலந்துக்காரர், போட்டி நடந்ததும் போலந்தின் தலைநகரில். அங்கே வைத்து, உங்கள் ஊர் ஆட்டத்தின் நடை இந்த ஷாங்காய்ப் பையனிடம்தான் சரியாக இருக்கிறது என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அவருடைய பியானோக் கல்வி ஒழுங்காகவே போகவில்லை. சிறுவயதில் சுமார் மூன்று வருஷம் மாரியோ பாச்சியிடம் கற்றார். ஷாங்காய் நகராட்சி இசைக்குழுவை வளர்த்தெடுத்த இத்தாலியர் அவர்; புகழ்பெற்ற பியானோ கலைஞர் லிஸ்ட்டின் மாணவரான ஸ்காம்பாத்தியிடம் பயின்றவர். 1946இல் பாச்சி இறந்துவிட்டார். பிறகு குடும்பம் குன்மிங் போக, பியானோ கிட்டத்தட்ட விட்டுப்போயிற்று. 1951இல் பதினேழு வயதில் ஷாங்காய் திரும்பித்தான் மறுபடி முழுமூச்சாக உட்கார்ந்தார். 1954இல் போலந்து போய், பேராசிரியர் டிரெவியெட்ஸ்கியிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் போட்டி. அந்த நாட்டில் ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை.

அவரிடம் வேறொரு கல்வி இருந்தது. அப்பா ஃபூ லெய், பால்சாக்கையும் ரொமெய்ன் ரோலந்தையும் சீனத்துக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். பாரிஸில் படித்தவர். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பழஞ்சீன நூல்களிலிருந்து தானே பாடங்களைப் பொறுக்கியெடுத்துச் சொல்லிக்கொடுத்தார். மிகக் கண்டிப்பானவர், அடியும் உண்டு. மகன் போலந்து போனபின் கடிதம் கடிதமாக எழுதினார். பிற்பாடு 1981இல் அவை புத்தகமாக வந்து சீனாவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. ஒரு கவிதை வரியில் சொல்லாமல் விட்டது எது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எவ்வளவு மௌனம் வேண்டும் என்பதையெல்லாம் மகன் கேட்டு வளர்ந்தது அந்த மேசையில்தான் என்று நான் நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளரின் பிள்ளை அவர். அந்நிய மொழியைப் பணிந்து கற்க வேண்டும், கற்றபின் தன் குரலில் சொல்ல வேண்டும் என்பதை அந்த வீட்டில் தினமும் பார்த்திருப்பார்.

ஃபூ சோங்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேறொரு காரணம் சொல்வார்கள். அவருடைய துயரம். அது உண்மையிலேயே தாங்க முடியாத கதை. சீனாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வலதுசாரி என்று அப்பாவுக்கு முத்திரை குத்தினார்கள். தான் திரும்பிப் போனால் அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டிவரும் என்று அஞ்சி, 1958 டிசம்பரில் ஃபூ சோங் வார்சாவிலிருந்து லண்டனுக்குத் தப்பினார். கலாச்சாரப் புரட்சி தொடங்கிய 1966இல், செப்டம்பர் 3 அன்று, சித்திரவதைக்கும் அவமானத்துக்கும் ஆளான ஃபூ லெயும் அவர் மனைவி ஜூ மெய்ஃபூவும் தங்கள் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மகனால் ஊருக்குள் கால் வைக்க முடிந்தது 1979இல், அப்பாவின் பெயர் மீட்கப்பட்டபோதுதான். ஷோப்பினும் 1830இல் போலந்தைவிட்டுக் கிளம்பியவர், திரும்பவே முடியாமல் 1849இல் பாரிஸில் இறந்தவர். இரண்டையும் சேர்த்து வைத்து, ஊரை இழந்தவன் ஊரை இழந்தவனின் இசையைப் புரிந்துகொண்டான் என்று எழுதிவிடுவது சுலபம்.

எனக்கு அது போதவில்லை. மசூர்க்காப் பரிசு கிடைத்தது 1955இல். அப்போது அப்பா உயிரோடு இருக்கிறார், கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஊருக்குத் திரும்பும் பாதை திறந்திருக்கிறது. துயரம் வருவதற்கு முன்பே அந்த நடை அவர் கையில் இருந்தது. பின்னாள் வாசிப்பில் கூடிய கனம் துயரத்திலிருந்து வந்திருக்கலாம், நானும் அதைக் கேட்கிறேன். ஆனால் அடிப்படையை அவர் காதால் உழைத்துச் சம்பாதித்தார். அந்த உழைப்பை விதியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அவரே ஷோப்பினைத் தெற்கு டாங் நாட்டின் கடைசி மன்னன் லீ யூவோடு ஒப்பிட்டுப் பேசியவர். நாட்டைப் பறிகொடுத்து, சிறைப்பட்ட இடத்திலிருந்து கவிதை எழுதிய மன்னன் அவன். இசையமைப்பாளர் ஷூபர்ட்டைக் கேட்கும்போது பழஞ்சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங் நினைவுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். இவை அலங்காரப் பேச்சு இல்லை என்பது என் எண்ணம். புதிய மொழியில் ஒரு சொல்லைக் கேட்டதும் நம் மொழியில் அதற்கு இணை தேடுவோமே, அப்படித் தேடியிருக்கிறார். ஷோப்பினைச் சீனமாக்கவில்லை. லீ யூவைத் தெரிந்த காதால் ஷோப்பினைக் கேட்டார். 1960இல் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே, எண்பது தாண்டிய வயதில், வானொலியில் இவர் வாசித்த ஷோப்பினைக் கேட்டு மனம் நெகிழ்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். முகம் தெரியாத ஒரு கலைஞனுக்காக அந்த வயதில் எழுத உட்கார்ந்தார் என்பதே எனக்குப் போதும்.

இனி அந்த ஏ மைனருக்கு வருகிறேன். தொடக்கத்தில் நாலு பார் (தாளச் சுற்று), வெறும் மூன்று சுரக் கார்டுகள். மேலும் கீழும் அசையாமல் நிற்க, நடுச் சுரம் மட்டும் பி, சி, டி என்று மெல்ல ஏறும். எந்த ராகத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. நிறைய பேர் இதை முன்னுரை மாதிரி வாசித்துக் கடந்துவிடுவார்கள். ஃபூ சோங் அந்த நடுச் சுரத்தைப் பாட வைக்கிறார். மற்ற இரண்டு சுரங்களும் கதவுச் சட்டம் மாதிரி நிற்க, நடுவில் யாரோ எட்டிப் பார்ப்பது போலிருக்கும். பிறகு மெட்டு வரும்போது, மேலே உள்ள சிறு சிறு சுரக் கொத்துகளை அவசரமே இல்லாமல் உதிர்க்கிறார், ஆனால் இடக்கை தன் நடையை விடுவதில்லை. நடுவில் ஏ மேஜர் பகுதி வரும். இடக்கையில் ஏ, ஈ என்ற இரண்டு சுரங்கள் சுருதி போலத் தொடர்ந்து ஒலிக்கும். கிராமத்துத் துருத்திக் குழலின் ஒலி அது. அங்கே அவர் வாசிப்பில் மண் வாசம் வருகிறது. பணக்கார வீட்டு வரவேற்பறைப் பியானோ மறைந்து, கால் தரையைத் தட்டும் ஓசை கேட்கிறது. கடைசியில் அந்த முதல் நாலு பார் திரும்பி வரும், தீர்வில்லாத கார்டில் நின்று தேய்ந்துபோகும். அதை அவர் இழுத்து அழ வைப்பதில்லை. வந்தது போலவே போய்விடுகிறது.

குறை இல்லையா? உண்டு. முதுமையில் விரல் உபாதை அவரை மிகவும் வருத்தியது, பின்னாள் கச்சேரிகளில் தவறிய சுரங்கள் கேட்கும். பெரிய, இடி முழக்கமான படைப்புகளுக்கு நான் அவரிடம் போகமாட்டேன். ஹைடன், ஸ்கார்லாட்டி, டெபுஸ்ஸி எல்லாம் அருமையாக வாசித்திருக்கிறார், ஆனால் அவை தனிப் பதிலுக்கான விஷயம்.

கேட்க விரும்பினால் ஓபஸ் 24இல் இரண்டாவதான சி மேஜர் மசூர்க்காவில் தொடங்குங்கள். ஆட்டத்தின் நடை அதில் பளிச்சென்று பிடிபடும். விரலால் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே கேளுங்கள், எந்த இடத்தில் உங்கள் எண்ணிக்கை அவரோடு சேராமல் போகிறது என்று பாருங்கள். அங்கேதான் மசூர்க்கா இருக்கிறது. அதன்பின் ஏ மைனர். எரார் நிறுவனம் 1849இல் செய்த பியானோவில் அவர் வாசித்த மசூர்க்காப் பதிவும் கிடைக்கிறது. பழைய பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் சுரங்களுக்கு நடுவே அவர் விடும் இடைவெளி இன்னும் துலக்கமாகத் தெரியும். கடைசியாக ஓபஸ் 68இல் நாலாவதான எஃப் மைனர். அதை இரவில், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நான் இன்னும் அந்த ஏ மைனரைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். மெட்ரோனோமை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று. போன மாதம் ஏ மேஜர் பகுதியில் ஓரிடம் வந்தபோது ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். "இந்த எட்டு பார் மசூர்க்கா. இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.