மகனின் புத்தகத்துக்குள் கிடந்த சதுரத் தாள்கள்

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகனின் புத்தகத்துக்குள் முத்திரை மாதிரிச் சின்னத் தாள்கள் நாலு இருந்தன. "எல்.எஸ்.டி. என்று ஒருத்தன் தந்தான், நான் எடுக்கேல்லை. கொழும்பு வெக்கைக்கு அது எப்பவோ செத்திருக்கும்" என்கிறான். உண்மையா டொக்டர்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அம்மா. ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

எல்.எஸ்.டி. என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டும் போதைப்பொருள். அதை 1938இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹொஃப்மன் உருவாக்கினார். ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்கட் பங்கசில் உள்ள லைசர்ஜிக் அமிலம்தான் அதற்கு மூலம். பிள்ளை பிறந்த பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ஊசியும் இதே குடும்பம்தான். நான் பயிற்சி பெற்ற பிரசவ விடுதியில் அந்தக் குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியில், அட்டைப் பெட்டிக்குள்தான் இருக்கும். வெளியே எடுத்து மேசையில் வைத்தால் சிஸ்டர் ஏசுவார். நிறம் மாறிய குப்பியைப் போடவே மாட்டோம். இந்தக் குடும்பத்துக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது.

எல்.எஸ்.டி.யில் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் வளையத்தில் உள்ள இரட்டைப் பிணைப்பில் நீர் சேர்ந்துவிடும். பிறகு அது வேலை செய்யாது. குளோரினும் அதை அழிக்கும். ஆனால் மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் ஏது? காய்ந்த தாளில் இருப்பதை வெக்கை மட்டும் முழுதாக அழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதோடு, இது வேலை செய்யும் அளவு மிகச் சிறியது. 100 மைக்ரோகிராம் போதும். ஒரு பனடோல் குளிசையில் உள்ள மருந்தை ஐயாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. பாதி அழிந்தாலும் மிச்சம் மூளையைக் குழப்பும். செரடோனின் என்ற உடல் இரசாயனம் போய்ப் பொருந்தும் ஏற்பி ஒன்றில் இது போய் அமர்ந்ததும் ஏற்பியின் ஒரு துண்டு மூடி போலக் கவிந்து பிடித்துக்கொள்வதை 2017இல் வெளியான படிக ஆய்வு காட்டியது. எடுத்தவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் வரை போதை நீடிப்பதற்கு அது ஒரு காரணம்.

எனக்குப் பெரிய பயம் வேறு. அந்தத் தாளில் இருப்பது எல்.எஸ்.டி.தான் என்று யார் சொன்னது? என்போம் (NBOMe) என்ற வகைச் செயற்கைப் போதைப்பொருட்களையும் இதே மாதிரித் தாளில், இதே பெயரில் விற்கிறார்கள். அவை லைசர்ஜிக் குடும்பமே இல்லை. வலிப்பு, கடும் காய்ச்சல், இரத்த அழுத்த ஏற்றம் வந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தாளைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து நீங்களும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சரி, இப்போது மகன். ஏசாமல், அடிக்காமல் கேளுங்கள். அவன் வாய் திறந்து சொன்னதே பெரிய விஷயம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தால் அவனுக்கு ஆபத்து இன்னும் கூட. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லிதியம் குளிசை எடுப்பவருக்கு எல்.எஸ்.டி.யால் வலிப்பே வரலாம். அவன் எப்போதாவது பிதற்றினால், உடம்பு கொதித்தால், வலிப்பு வந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். எதை எடுத்தான் என்பதை அம்புலன்சில் வருபவர்களிடம் மறைக்க வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அவனை என்னிடம் கூட்டி வந்தாலும் சரி. நீங்கள் வெளியே இருங்கள், நான் அவனோடு தனியாகக் கதைக்கிறேன்.