சுங்கை சிப்புட் கேள்வி பதில்: சப்ஸ்கிரைப் பண்ணியாச்சு, மூடுறது யாரு?

கே: அண்ணே, செம்பனை ஆலையில லாரி நிறுக்கிற படிவம், ஆங்குலர்ல (வெப் பக்கம் கட்டுற கருவி) செஞ்சது. கிராணி (எழுத்தர்) லாரி நம்பர் தட்டினா எழுத்துக்கு எழுத்து சர்வருக்குப் போகுது. சில நேரம் வேற லாரி விவரம் வந்து உட்காருது.

ப: ரெண்டும் ரெண்டு நோய், தம்பி. முதலாவதுக்கு வேல்யூசேஞ்சஸ் (படிவம் மாறும்போதெல்லாம் புது மதிப்பைத் தரும் ஓடை) பின்னால் டிபவுன்ஸ்டைம் 300 மில்லிநொடி போதும், தட்டி நிறுத்திய பிறகுதான் கேள்வி போகும். இரண்டாவதுதான் விஷமம். கேட்ட வரிசையில் பதில் வரும் என்று யாரும் சத்தியம் செய்து தரவில்லை. தோட்டத்து இணைய லைன் உங்களுக்கே தெரியும். பாதி நம்பருக்கான பதில் பிந்தி வந்தால் முழு நம்பரின் பதிலை அழித்துவிடும். சுவிட்ச்மேப் போடுங்கள், புதுத் தேடல் தொடங்கியதும் பழையதைக் கைவிடும். பிழையைப் பிடிக்கும் கேட்ச்எரர் அதற்கு உள்ளே இருக்கட்டும். வெளியே வைத்தால் ஒருமுறை லைன் அறுந்ததும் ஓடையே முடிந்துபோகும். அப்புறம் கிராணி எதைத் தட்டினாலும் திரை கம்மென்று இருக்கும். சப்ஸ்கிரைப் என்றால் ஓடையைக் கேட்கத் தொடங்குவது; ஒரு சப்ஸ்கிரைபுக்குள் இன்னொன்று மட்டும் வேண்டாம்.

கே: சேமி பட்டனுக்கும் சுவிட்ச்மேப்தானா?

ப: இல்லை தங்கச்சி, எக்ஸாஸ்ட்மேப். முதல் அழுத்தம் முடியும்வரை அடுத்ததைச் சட்டை செய்யாது. பழக்குலை லோடு ஒன்று, ரசீது இரண்டு என்று ஆகாது.

கே: சப்ஸ்கிரைப் பண்ணின எல்லாத்தையும் மூடணுமா?

ப: கம்போனன்டுக்குள்ளேயே (பக்கத்தின் ஒரு துண்டு) பிறந்த படிவம் அதோடு போய்விடும். பக்கம் போனாலும் நிற்கும் சர்வீஸில் வாழும் படிவம் என்றால் கட்டாயம் மூடுங்கள். ஆங்குலர் 16 முதல் டேக்அன்டில்டிஸ்ட்ராய்டு உண்டு, கம்போனன்டு அழியும்போது தானே மூடும். பைப்பில் (இந்தக் கட்டளைகளின் வரிசை) கடைசியாக வையுங்கள். சுவிட்ச்மேப்புக்கு முன்னால் வைத்தால் உள்ளே ஓடுவது நிற்காது.

கே: எச்டிடிபி கோரிக்கை (சர்வர்கிட்ட கேக்குறது) தானா முடிஞ்சிடும். அதுக்கு எதுக்கு மூடணும்?

ப: முடியும். ஆனால் பதில் வருவதற்குள் கிராணி வேறு பக்கம் போயிருந்தால்?

கே: மெமரி கசியாதே!

ப: மெமரியை யார் சொன்னது? போன பக்கத்தின் கால்பேக் (பதில் வந்ததும் ஓடும் நிரல்) ஓடி, இருக்கிற பக்கத்தை மாற்றும். அதைச் சொல்கிறேன்.

கே: அப்ப சேமிக்கிறப்ப மூடினா கோரிக்கையே ரத்தாகிடுமே?

ப: ஆகலாம். இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். தேடலை மூடுங்கள், சேமிப்பை முடியவிடுங்கள்.

கே: வேல்யூசேஞ்சஸ்க்குள்ளேயே மொத்த எடையை செட்வேல்யூ பண்ணினா (மதிப்பை மாத்தினா) பிரவுசர் உறையுது.

ப: தன்னைத் தானே கூப்பிடுகிறது. எமிட்ஈவென்ட் ஃபால்ஸ் போடுங்கள், மாற்றத்தை அறிவிக்காது.

கே: இன்னொரு கருவி ரியாக்ட்ல எப்படி?

ப: அதில் கைவைத்ததில்லை.

கே: அண்ணே, எல்லாத்தையும் மூடணுமா?

ப: மேலே மூன்றாவது பதிலைப் பாருங்கள். சப்ஸ்கிரைபுக்குள் சப்ஸ்கிரைப் போட்டிருந்தால் அதை முதலில் பிரித்தெடுங்கள்.