பவர் பத்திரத்தில் வாங்கிய டி.டி.ஏ. ஃபிளாட்டை விற்கலாமா?

கேள்வி: மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். தில்லி மயூர் விஹார் முதல் கட்டத்தில் டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய இரண்டாம் மாடி ஃபிளாட் ஒன்றை, ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து 1997-ல் ஜி.பி.ஏ. (பொது அதிகாரப் பத்திரம்), விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய தாள்களின் பேரில் வாங்கி அன்று முதல் குடியிருந்து வருகிறேன். அது இன்னும் லீஸ்ஹோல்டுதான் (குத்தகை நிலம்). இப்போது விற்றுவிட்டுக் கும்பகோணத்துக்கே போய்விட நினைக்கிறேன். வாங்க வந்தவர் இதற்கு வங்கிக் கடன் கிடைக்காது என்கிறார். டீலரோ, அதே போல இன்னொரு ஜி.பி.ஏ. போட்டு முடித்துவிடலாம், பயானா (முன்பணம்) வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கு எழுதிக் கொடுத்தவர் எண்பது வயதைக் கடந்து மீரட்டில் இருக்கிறார். விற்கும் வரை வீட்டை வாடகைக்கு விடலாமா?
— ஒரு வாசகர், தில்லி

பதில்: பயானாவை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால், ரசீது பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டீலர் சொல்லும் வழியில் இந்த வீட்டை விற்பது உங்களுக்கும் நல்லதல்ல, வாங்குகிறவருக்கும் நல்லதல்ல.

உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். நிலம் டி.டி.ஏ.வுடையது, அதை நீண்ட காலக் குத்தகைக்குப் பெற்றவர் மீரட்டில் இருக்கும் அந்தப் பெரியவர், அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பது, அவர் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரமும், பின்னால் விற்றுத் தருகிறேன் என்ற எழுத்து வாக்குறுதியும்தான். சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஜி.பி.ஏ., ஒப்பந்தம், உயில் மூன்றும் சேர்ந்தாலும் அசையாச் சொத்தின் உரிமை கைமாறாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் அல்லது உரிமை மாற்றப் பத்திரத்தால்தான் மாறும். வங்கி கடன் தர மறுப்பதற்கும் இதுவே காரணம். உயிலும் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எந்த நேரத்திலும் மாற்றக்கூடிய ஒரு தாள்தான்.

அதற்காக இத்தனை ஆண்டு வாழ்ந்த வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று கலங்க வேண்டியதில்லை. எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் பணம் கொடுத்து வீட்டை உடைமையில், அதாவது தன் கைவசம், வைத்திருப்பவரை விற்றவரே வெளியேற்ற முடியாதபடி சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஏ பிரிவு காக்கிறது. அத்தகைய ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும் என்ற திருத்தம் 2001 செப்டம்பர் 24-ல்தான் நடைமுறைக்கு வந்தது, உங்களுடையது 1997. ஆனால் இந்தப் பாதுகாப்பு உங்களைத் தாக்க வருகிறவரைத் தடுக்குமே தவிர, உங்களை உரிமையாளராக்கி விற்க வைக்காது. இன்று உங்களிடமிருந்து பதிவில்லாத தாளில் வாங்குகிறவருக்கு அதுகூடக் கிடைக்காது. முறையாகப் பதிவு செய்தால், உடைமை ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்குக் கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வையில் 90 சதவீதம் கட்ட வேண்டும். அப்படியிருக்க, டீலர் சொல்லும் வழியில் மிச்சம் எங்கே இருக்கிறது?

செய்ய வேண்டியது, லீஸ்ஹோல்டை ஃப்ரீஹோல்டாக, அதாவது குத்தகை இல்லாத முழு உரிமையாக, மாற்றிவிட்டு, உங்கள் பெயரில் உரிமை வந்த பிறகு விற்பது. டி.டி.ஏ.வின் இந்த ஃப்ரீஹோல்டு மாற்றத் திட்டம் உங்களைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. ஜி.பி.ஏ. மூலம் வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம். மாற்றக் கட்டணத்துக்கு மேல் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர்கள் பார்ப்பது இரண்டு: ஒதுக்கீடு பெற்றவரிலிருந்து உங்கள் வரை தாள்களின் சங்கிலி அறுபடாமல் வருகிறதா, வீடு உண்மையில் உங்கள் உடைமையில் இருக்கிறதா. 2011 தீர்ப்பும், அதற்கு முன் நடந்த இத்தகைய பரிவர்த்தனைகளைக் காட்டி அதிகார அமைப்புகளிடம் முறைப்படுத்திக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று வழி விட்டிருக்கிறது.

இங்கே உங்களை அவசரப்படுத்த விரும்புகிறேன். பொதுவாக, அதிகாரம் கொடுத்தவரோ பெற்றவரோ இறந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அதிகாரத்துக்கு 202-ஆவது பிரிவில் விலக்கு உண்டு என்று வாதிடலாம். ஆனால் அதை வாரிசுகளோடு நீதிமன்றத்தில் வாதிடும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்? அந்தப் பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே மீரட்டுக்கு நேரில் போய் வாருங்கள். 1997-ல் முழுத் தொகையும் பெற்று உடைமையை ஒப்படைத்தேன் என்று அவரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் பெறுங்கள். முடிந்தால் அவருடைய பிள்ளைகளும் சாட்சியாகக் கையெழுத்திடட்டும். ஐ.என்.ஏ.யில் விகாஸ் சதனில் இருக்கும் டி.டி.ஏ. அலுவலகத்துக்கு அதற்குப் பிறகு போனால் போதும்.

போகும்முன் மேசையில் எல்லாத் தாள்களையும் பரப்பி, உங்கள் பெயர் ஒவ்வொன்றிலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தில்லித் தமிழர்கள் பலர் இடறும் இடம் இது. ஜி.பி.ஏ.வில் முன்னெழுத்தும் பெயரும், பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஆதாரில் முன்னால் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழியை இப்போதே தயார் செய்துவிடுங்கள். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் உள்ள கோப்பு எண், உடைமைச் சீட்டு, நிலவாடகை ரசீதுகள், உங்கள் பெயரில் வந்த பழைய மின்கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றின் மூலப்படிகளை டீலர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

விற்றவருக்கும் இதில் தொல்லை உண்டு. என் தாய்மாமா பல ஆண்டுகளுக்கு முன் இப்படித் தாள்களின் பேரில் ஒரு ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். பதிவேட்டில் அவர் பெயரே நின்றதால், வேறொருவர் வாழும் வீட்டின் சொத்துவரி நோட்டீஸ் அவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகும் திருச்சி முகவரிக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கையில் பிடித்தபடி வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கும்பகோணத்தில் உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

விற்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார், அதை உங்கள் பான் எண்ணில் வரவு வைத்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடலாம். ஆனால் ஃப்ரீஹோல்டு மாற்ற விண்ணப்பத்துக்கு உங்கள் உடைமையை நிரூபிக்க வேண்டியிருப்பதால், அந்த வேலை முடியும்வரை பொறுப்பது நல்லது. பிறகு விடுவதானால் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் என்று போடுகிறார்கள். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் இருந்தால் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது. இன்றைய மயூர் விஹார் வாடகைக்கு அந்தக் கவலை இல்லை. குடிவருபவரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அலுவலகமோ டியூஷன் சென்டரோ வந்தால் அந்த ஒப்பந்த நிபந்தனையை மீறியதாகும். விற்பனை முடிவானதும் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்வதாக ஒரு வரி அதில் இருக்கட்டும். குடிவருபவரிடமும் வீடு விற்பனைக்கு உள்ளது என்று முன்பே சொல்லிவிடுங்கள்; பிள்ளைகளின் பள்ளியை அருகில் மாற்றிக்கொண்டு வருகிற குடும்பமாக இருந்தால், அவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.