வேலூரில் பழ ஈக் கலப்புச் சோதனையை ஏப்ரலில் வைக்கலாமா?

பி.எஸ்சி. மரபியல் ஆய்வகத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஏசி அறை இல்லையென்றால் வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 30-ஐத் தாண்டினாலே ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். 25 டிகிரிதான் தோது, சுமார் 10 நாளில் முட்டை ஈயாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி, கன்னி ஈ, அதாவது இன்னும் எந்த ஆணோடும் சேராத பெண் ஈ, பொறுக்குவது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். காலையில் புட்டியிலுள்ள ஈக்களை முழுக்க வெளியேற்றிவிட்டு, மாலைக்குள் வருவதை எடுக்கச் சொல்லுங்கள். உடல் வெளிறி, வயிற்றில் கரும்பொட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளைக்கண் பெண்ணைச் செங்கண் ஆணோடு சேர்த்தால் மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. வெள்ளைக்கண் மகள் தென்பட்டால், பெரும்பாலும் தாய் கன்னியல்ல. அப்புறம், அந்த மகளை எண்ணாமல் விட்டுக் கணக்கைச் சரிக்கட்டும் பசங்களிடம், அவள் எப்படி வந்தாள் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேளுங்கள்.